முதல் ஈட்டித் துப்பாக்கி: 75 செ.மீ.யா, 90 செ.மீ.யா?

கிரேக்கக் கரையோரப் பாறைகளில் மூச்சடக்கி மீன் பிடிக்கப் பழகுபவர்கள் கடையில் தடுமாறுவது இந்த இரண்டு நீளங்களுக்கு நடுவில்தான்.

75 பாறை இடுக்கில் சட்டென்று திரும்பும், கலங்கலான தண்ணீருக்கும் சரி. ஆனால் சுமார் இரண்டரை மீட்டரைத் தாண்டினால் ஈட்டியின் வேகம் விழுந்துவிடும். 90 இன்னும் கொஞ்சம் எட்டும். கிட்டே வரத் தயங்கும் மீனுக்கு அந்த தூரம் வேண்டும். மத்திய தரைக்கடல் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதால் என் ஓட்டு 90-க்கு. பொந்துகளில்தான் தேடுவீர்கள் என்றால் மட்டும் 75.

ஈட்டியை உந்தித் தள்ளும் ரப்பர் பட்டையில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். 20 மி.மீ. தடிமன் உள்ள பட்டைக்கு வலு அதிகம், உண்மைதான். ஆனால் துப்பாக்கியின் பின்முனையை நெஞ்சில் ஊன்றி இழுக்கும்போது பாதியிலேயே கை நடுங்கும், மூச்சு வாங்கும். அந்த மூச்சோடு முங்கி என்ன பயன்? எடை குறைந்த துப்பாக்கி என்றால் உதைப்பில் குறியும் தவறும். 16 மி.மீ. ஒற்றைப் பட்டையும் 6.5 மி.மீ. ஈட்டியும் தொடக்கத்துக்குத் தாராளம். இரண்டு கைகளாலும் ஒரே சீராக இழுங்கள், இல்லாவிட்டால் ஈட்டி கோணலாகப் போகும்.

அப்புறம், கரையிலோ படகிலோ பட்டையை இழுத்து மாட்டவே கூடாது. தண்ணீரில் இறங்கிய பிறகுதான். ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.