பழைய விஜிஏ கார்ட் வாங்க டவுனுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தம்பியின் கம்ப்யூட்டரில் கேம் லேக் அடிக்கிறது என்று ஹட்டனுக்குக் கொண்டுபோனோம். 28,500 ரூபாயும் போனது, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த விஜிஏ கார்டும் (திரைக்குப் படம் அனுப்பும் பாகம்) போனது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இது நடந்துவிடக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். தம்பி உயர்தரம் படிக்கிறான். அவனிடம் இருப்பது ஆபீஸ் ஒன்றில் கழித்துவிட்ட ஐ5-4570 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்ட். படித்து முடித்துவிட்டு ராத்திரியில் ஒரு மணி நேரம் கார் ஓட்டும் கேம் விளையாடுவான். அது தொடங்கும்போது நன்றாக ஓடும். பத்து நிமிடம் போனால் விக்கி விக்கி நிற்கும்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிக் கடையில் யாரும் கேட்கவில்லை. தம்பிதான், "பெட்டி நெருப்பாய்ச் சுடுது அண்ணே" என்று சொல்லிப் பார்த்தான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "டீச்சர், இந்தக் குளிரிலே கம்ப்யூட்டர் சூடாகுமா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியைத் திறக்காமலே கார்ட் பழசு என்று முடிவு சொல்லி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, செகண்ட் ஹேண்ட் என்று ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் கார்டைக் கழித்துக்கொண்டு 26,000 ரூபாய். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. "உங்கள் பழைய மானிட்டர் வயரை இதில் நேராகவே குத்தலாம்" என்று அந்த நீலச் சொக்கெட்டைக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டில் போட்டால் முன்பைவிட மோசம். தொடங்கியதுமே லேக். புது டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், போட்டதும் திரை கறுத்துப் போனது. திரும்பக் கொண்டுபோனோம், விண்டோஸ் பிழை என்று ஃபார்மட் பண்ணி 2,500 ரூபாய் வாங்கினார்கள். தம்பி தட்டச்சு செய்து வைத்திருந்த இரண்டு பாடக் குறிப்புகள் அதோடு அழிந்தன. மூன்றாம் தடவை, பவர் சப்ளை மாற்ற வேண்டும், இன்னும் 9,500 என்றார்கள். தயங்கி நின்றபோது தோட்டத்து வரிசை வீடுகளைச் சுட்டி ஒருவர் சொன்னது: "லயத்துக் கரண்டுக்கு எதைப் போட்டாலும் இப்படித்தான்." தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பணத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் சித்தப்பா மகனுக்கு அன்று இரவு கோல் எடுத்தேன். கார்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். பார்த்ததும், "அக்கா, 1050 டிஐயில் அந்த நீலச் சொக்கெட் வராதே" என்றான். என்விடியா நிறுவனம் அந்தத் தலைமுறையில் செய்த சிப்புகளில், நீலச் சொக்கெட்டுக்குத் தேவையான பழைய அனலாக் வெளியீடே கிடையாதாம். பிறகு கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னான். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குள் 'ஃபேக்' என்று வந்தது. விண்டோஸில் பார்த்தால் மட்டும் 1050 டிஐ என்றே இருந்தது.

உள்ளே இருந்தது ஜிஎஃப்106 சிப். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டில் இருப்பது. அதன் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதி, 2016இல் வந்த 1050 டிஐ போலப் பெயர் காட்ட வைத்திருக்கிறார்கள். உண்மையான 1050 டிஐயில் ஜிபி107 சிப்பும் 768 ஷேடரும் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்னப் பகுதிகள்) இருக்க வேண்டும். எங்களுடையதில் 192. அந்தப் பழைய தலைமுறைச் சிப்புகளுக்கு வழக்கமான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2018லேயே நிறுத்திவிட்டது. புது டிரைவர் போட்டதும் திரை கறுத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பழைய கார்ட் வாங்கப் போகும்போது ஜிபியு-இசட்டை பென் டிரைவில் கொண்டுபோங்கள். இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் கார்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் 'விஜிஏ 4 ஜிபி' என்று மட்டும்தான் இருந்தது, அதை நான் கவனிக்காமல் வாங்கியதால்தான் "நாங்கள் கொடுத்தது இது இல்லை" என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

சரி, முதலில் ஏன் லேக் அடித்தது? சித்தப்பா மகன் வீடியோ கோலில் இருக்க, தம்பி பெட்டியைத் திறந்தான். புராசஸர் மேலிருந்த, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்கெல்லாம் கரி. எங்கள் வீட்டில் விறகடுப்பு, கம்ப்யூட்டர் மேசை குசினிச் சுவரோடு ஒட்டி இருக்கிறது. ஃபேன் அந்தப் புகையை வருடக்கணக்காக உள்ளே இழுத்திருக்கிறது. புராசஸர் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. வெளியே எவ்வளவு குளிர் என்றாலும், காற்றுப் போக வழியில்லாவிட்டால் புராசஸர் சுடத்தான் செய்யும். நூறு பாகையை நெருங்கினால் எரிந்துவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு விக்கினால் முதலில் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினால் எத்தனை பாகை என்று தெரிந்துவிடும்.

பெயின்ட் பிரஷால் கரியைத் தட்டிவிட்டு, புதுப் பேஸ்ட் பூசினோம். மேசையை முன்பக்க ஜன்னலோரம் மாற்றினோம். இப்போது கேம் ஓடும்போது 68 பாகைக்கு மேல் போவதில்லை. செலவு பேஸ்ட்டுக்கு மட்டும்தான்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் பத்தாவது கிழமையில் கொடுத்தேன். அந்தப் போலிக் கார்ட் ஆதாரமாக என்னிடமே இருக்கிறது.

பணம் பிறகு வரட்டும், எங்கள் 750 டிஐயையாவது தாருங்கள் என்று கடையில் கேட்டுப் பார்த்தேன். அதை மறுநாளே விற்றுவிட்டார்களாம்.