பாயிண்டுகளில் ஹோட்டல் அறை: வங்கித் தளமா, ஹோட்டல் கணக்கா?

நியூயார்க் மாதிரி அறை வாடகை எகிறிக் கிடக்கும் ஊரில் கிரெடிட் கார்டு பாயிண்டுகளைச் செலவழிக்க இரண்டு வழிகள். வங்கியின் பயணத் தளத்திலேயே அறை பதிவது ஒன்று. பாயிண்டுகளை ஹயாட், ஹில்டன், மேரியட் போன்ற ஹோட்டல் குழுமத்தின் கணக்குக்கு மாற்றி அங்கே பதிவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்ததில் எனக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகிறது.

வங்கித் தளம் சுலபம், எந்தக் குழுமத்திலும் சேராத சின்ன ஹோட்டல்களும் அதில் கிடைக்கும். ஆனால் அங்கே பாயிண்டுக்குப் பெரும்பாலும் ஒரே மதிப்புதான். வாடகை ஏறினால் கேட்கும் பாயிண்டும் ஏறிவிடும்.

என் முடிவுக்கு முக்கியக் காரணம் வாடகைக்கு மேல் வந்து சேரும் தொகை. நியூயார்க்கில் அறை வாடகைக்கு 14.75 சதவீதம் வரி, அதுபோக இரவுக்கு 3.50 டாலர். பல ஹோட்டல்கள் இதற்கும் மேலே ‘டெஸ்டினேஷன் ஃபீ’ என்று இரவுக்கு ஒரு தொகை வாங்குகின்றன. வங்கித் தளத்தில் அறைக்கும் வரிக்கும் பாயிண்டிலேயே கட்டிவிடலாம். இந்த ஃபீயை மட்டும் பெரும்பாலும் ஹோட்டல் கவுன்டரில் கார்டை நீட்டித்தான் கட்ட வேண்டும். ஹோட்டல் கணக்கில் முழுக்கப் பாயிண்டில் எடுத்த அறை என்றால் ஹயாட்டும் ஹில்டனும் அந்த ஃபீயை வாங்குவதில்லை. மேரியட் வாங்கும். ஆனால் அங்கே பாயிண்டில் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் ஓர் இரவு இலவசம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 300 டாலர், ஃபீ 40 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 44.25, அந்த 3.50 எல்லாம் சேர்த்து 387.75 டாலர் (ஃபீ மீதான வரியை விட்டுவிட்டேன்). பாயிண்டுக்கு ஒரு சென்ட் தரும் வங்கித் தளத்தில் 34,775 பாயிண்டும் கையிலிருந்து 40 டாலரும் போகும். அதே அறைக்கு ஹயாட் 25,000 பாயிண்ட் கேட்டு, வங்கியும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றித் தந்தால், பாயிண்டுக்கு ஒன்றரை சென்டுக்கு மேல் கிடைக்கிறது, கையிலிருந்து எதுவும் போவதில்லை. மாற்று விகிதம் மோசமாக இருந்தால் இந்த லாபம் கரைந்துவிடும், அதனால் முதலில் விகிதத்தைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மாற்றிய பாயிண்ட் வங்கிக்குத் திரும்பி வராது. உங்களுக்கு வேண்டிய தேதியில் பாயிண்டுக்கு அறை காட்டுகிறதா என்று ஹோட்டல் தளத்தில் பார்த்த பிறகே மாற்றுங்கள். சில மாற்றங்கள் உடனே முடியும், சிலவற்றுக்கு நாட்கள் பிடிக்கும். அதற்குள் அறை போய்விடவும் கூடும்.

ரத்து செய்ய வேண்டி வந்தாலும் ஹோட்டலில் நேரடியாகப் பதிந்ததுதான் வசதி. வங்கித் தளத்தில் பதிந்த அறை என்றால், தேதி மாற்றக் கேட்டால் ஹோட்டல்காரர்கள் வங்கியிடம் பேசச் சொல்வார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் பாயிண்டில் தங்கிய அனுபவம் எனக்கு அதிகம் இல்லை, நீண்ட தங்கலுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குழும ஹோட்டல்களில் பாயிண்டுக்கு அறையே காட்டாத தேதி என்றால் நானும் வங்கித் தளத்துக்குத்தான் போகிறேன். அப்போதும் ஃபீ வாங்காத ஹோட்டலா என்று பார்த்துத்தான் பதிகிறேன்.