நடுவுல அணைஞ்சு போற ஏ.டி.எம்.ல 10,000 ரூபாயை விட்டுட்டேன், நீங்களாவது உஷாரா இருங்க

இப்பதான் பேங்க்லேர்ந்து வர்றேன். நாலாவது நடை. இனிமே யாரும் ஏமாறாம இருக்க என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

பையனோட டேர்ம் ஃபீஸ் கட்டணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வேற ஒரு பெரிய பேங்கோட ஏ.டி.எம். 10,000னு அடிச்சேன். உள்ள டரடரன்னு நோட்டு எண்ணுற சத்தம். அதோட திரை அணைஞ்சு போச்சு. திரும்ப உயிர் வந்தப்போ விண்டோஸ் எக்ஸ்பி, கம்ப்யூட்டரை ஓட்டுற பழைய மென்பொருள், அந்த நாலு கலர் கொடி! நான் காலேஜ் லேப்ல பார்த்தது. 2001ல வந்த சரக்கு, 2014 ஏப்ரலோட பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தி மைக்ரோசாஃப்டே கைகழுவிடுச்சு. 2019 ஜூனுக்குள்ள எல்லா ஏ.டி.எம்.லேர்ந்தும் இதை மாத்திடணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. இங்க இன்னும் ஓடுது.

கார்டு வெளிய வந்துச்சு, பணம் வரலை. வாட்ச்மேன் பெரியவர், "இது அடிக்கடி இப்படித்தாம்மா. பணம் பிடிச்சிருக்காது, இன்னொரு தடவை போடுங்க"ன்னார். எஸ்.எம்.எஸ்.ஸும் வரலையே. நம்பிப் போட்டேன், 10,000 வந்துச்சு. ஸ்லிப் கேட்டா பேப்பர் இல்லை. பஸ் ஏறினப்புறம் அடுத்தடுத்து ரெண்டு எஸ்.எம்.எஸ். 10,000. இன்னொரு 10,000.

மெஷின் வச்சிருக்கிற பேங்க்ல, "உங்க கணக்கு இங்க இல்லையே மேடம்." என் பேங்க்ல, "அஞ்சு நாள்ல தானா வந்துடும், எழுதிக் கொடுக்கவெல்லாம் வேணாம்." சிரிச்ச முகமா சொன்னாங்க, அதையும் நம்பினேன். ஆறாம் நாள் போனா சர்வர் டவுன். அன்னைக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். இன்னைக்கு 12ஆம் நாள், புகாரே தள்ளுபடியாம். மெஷின் தானா எழுதி வைக்கிற லாக்ல ரெண்டும் சக்சஸ்னு இருக்காம், உள்ள இருந்த கேஷை எண்ணினதுலயும் கணக்குக்கு மேல மிச்சம் இல்லையாம்.

"நடுவுல செத்துப் பொழைச்ச மெஷின் எழுதின கணக்கை எப்படி சார் நம்புறீங்க?"ன்னேன். "சிஸ்டம்ல அப்படித்தாம்மா காட்டுது." கேமரா பதிவைக் காட்டுங்கன்னா போலீஸ் கடிதம் வேணுமாம். பத்தாயிரம் ரூபாய்ங்க! என் வாய்ச்சொல்லை விட அந்த டப்பாவோட சொல் பெருசாப் போச்சு.

பிடிச்ச பணத்தை 5 நாளுக்குள்ள திருப்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து, நாம கேட்காமலே கொடுக்கணும்னு 2019 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. என் கணக்குல ஏழு நாளுக்கு 700 ஆச்சு. கேட்டா, சக்சஸ் ஆனதுக்கு ஏது அபராதம்கிறாங்க.

சரி, செய்ய வேண்டியது. மெஷின் நடுவுல அணைஞ்சா அங்கேயே மறுபடி கார்டைப் போடாதீங்க. திரையை போட்டோ எடுங்க, மெஷின் நம்பரோட. அன்னைக்கே உங்க பேங்க்ல எழுதிக் கொடுத்து புகார் எண் வாங்குங்க. 30 நாள் பதில் வரலைன்னாலும், வந்த பதில் சரியில்லைன்னாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், நம்பர் 14448. மிச்சத்தை அப்புறம் எழுதறேன், இப்பதான் அந்த லைன் கிடைச்சிருக்கு.