முதல்முறை தேர்தலில் நிற்பவர்களுக்கு: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நல்ல அச்சகம்

சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், மைக்கும் ஆட்டோவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சட்டம் தெரிந்த ஒரு அச்சகத்தைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். கட்சி வேட்பாளருக்கு நோட்டீஸ் மேலிருந்து வந்துவிடும். சின்னம் ஊருக்கே தெரியும். தனியாக நிற்கிறவருக்கு அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் முகம், பெயர், சின்னம், கொள்கை எல்லாம்.

2021 தேர்தலில் எங்கள் தெரு அக்கா ஒருவர் முதல்முறையாக நின்றார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். நான் வலைக்கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் செலவுக் கணக்கும் அச்சு வேலையும் என் பொறுப்பாயின. அந்தச் சமயத்தில் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடுத்து நிற்க நினைக்கிற இரண்டு மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள்.

தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தால், ஒரு பைக் போகிற அகலத்தில் சந்து. கீழே ஆஃப்செட் மெஷின், கட்டிங் மெஷின். மரப்படி ஏறினால் மேலே டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற இடம். முதலாளி சிவகாசிப் பக்கத்துக்காரர், தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. பேப்பர் ஆண்டர்சன் தெருவிலிருந்து எடுக்கிறார். ராயப்பேட்டை ஜானி ஜான்கான் தெருவிலும் விசாரித்துப் பார்த்தேன், ரேட் அங்கே கொஞ்சம் குறைவு. சிவகாசிக்கு நேராக ஆர்டர் கொடுத்தால் இன்னும் குறையும். ஆனால் சுயேச்சைக்குக் காத்திருக்க நாள் கிடையாது, அதுதான் விஷயம்.

அந்தத் தேர்தலில் மனுத் தாக்கல் மார்ச் 12-இல் தொடங்கி 19-இல் முடிந்தது. பத்தாயிரம் ரூபாய் டெபாசிட், தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிவு, படிவம் 26 பிரமாணப் பத்திரம் என்று அந்த ஓட்டம் தனி. மனுவைத் திரும்பப் பெற 22-ஆம் தேதி மூன்று மணி வரை நேரம். அது முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். பிரச்சாரம் ஏப்ரல் 4 சாயங்காலத்தோடு முடிகிறது. சின்னம் கையில் வந்ததிலிருந்து இரண்டு வாரம்கூட இல்லை. அதில் நாலு நாள் அச்சகத்தில் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

அண்ணாச்சி இதற்கு வழி வைத்திருந்தார். மனு ஏற்கப்பட்டதுமே அக்கா படம், பெயர், கோரிக்கைகள் எல்லாவற்றையும் நாலு கலரில் ஓட்டி முடித்தார். சின்னமும் வரிசை எண்ணும் வரவேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டார். 22-ஆம் தேதி நாங்கள் முதலில் கேட்ட பாய்மரப் படகு, குலுக்கலில் வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டாவதாக எழுதிக் கொடுத்த தையல் மெஷின் கிடைத்தது. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கடலோடு வாழ்கிற ஜனத்துக்குப் படகைக் காட்டி ஓட்டுக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்! போன் செய்து சொன்னதும் டிடிபி பார்க்கும் தங்கச்சி படத்தை எடுத்துப் பொருத்தி புரூஃப் அனுப்பிவிட்டாள். ராத்திரியே கருப்பு மையில் அதை மட்டும் மெஷினில் ஓட்டினார்கள். மறுநாள் காலை பண்டல் கட்டி வைத்திருந்தார்கள். தொகுதியில் பல சுயேச்சைகள் சின்னமே அச்சாகாமல் வாயால் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பெண்கள் டி.எச். ரோட்டில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

புரூஃப் நேரத்தில் அவர் சொன்ன யோசனைகளுக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை, மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர் என்று நாங்கள் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு போயிருந்தோம். படித்துப் பார்த்தார். “எல்லாம் நியாயந்தாம்மா. ஆனா ரோட்டுல வாங்குறவங்க ரெண்டு மடிப்பு மடிச்சிப் பையில வெச்சிக்குவாங்க. வீட்ல எடுத்துப் பாக்கும்போது முகமும் சின்னமும் தெரியணும், மூணு விஷயம் மனசுல நிக்கணும்” என்றார். அக்கா உட்கார்ந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தையும் பெரிதாக்கினோம், எங்கள் பக்கத்துக் கிழவிகள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

இன்னொன்று, அக்கா கல்யாண வீட்டில் பட்டுப்புடவையில் எடுத்த போட்டோவைத்தான் கொடுத்தார். அண்ணாச்சி அதை வாங்கவில்லை. மனுவோடு கொடுத்த போட்டோ எதுவோ அதையே கொண்டுவரச் சொன்னார். 2015-இலிருந்து வாக்கு இயந்திரத்தில் வேட்பாளர் படமும் இருக்கிறது. நோட்டீஸில் பார்த்த முகமும் இயந்திரத்தில் பார்க்கிற முகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு இது தோன்றியதே இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், முதல்முறை நிற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. தேர்தல் நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் அச்சடித்தவர், வெளியிடுபவர் இருவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் ஓர் உறுதிமொழி எழுதி, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு, இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றையும் நோட்டீஸ் பிரதியையும் அச்சகம் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாங்கள் முதலில் போன வேறொரு அச்சகத்தில், “பேர் போடலன்னா ரேட்டக் கொறைக்கறேன், பில்லும் வேணாம்” என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். அண்ணாச்சி சாட்சிகள் கையெழுத்து இல்லாமல் மெஷினையே போட மாட்டார். அனுப்பியதற்கு அத்தாட்சியை மூன்றாம் நாள் எங்களுக்கும் ஒரு நகல் கொடுத்தார்.

இதன் பலனைக் கண்ணால் பார்த்தேன். பண்டல்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் வரும்போது தேர்தல் பறக்கும் படை நிறுத்தியது. பையன்கள் பயந்துவிட்டார்கள். அதிகாரி ஒரு நோட்டீஸை உருவி டார்ச் அடித்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பில்லையும் உறுதிமொழி நகலையும் நீட்டினேன். எண்ணிக்கையைச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டு, போகச் சொன்னார். வீடியோவும் எடுத்தார்கள், அது அவர்கள் வழக்கம்.

மாதிரி வாக்குச்சீட்டு விஷயத்திலும் இதே கறார். அசல் மாதிரியே இளஞ்சிவப்பில் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். சட்டமன்றத்துக்கு அசல் சீட்டு இளஞ்சிவப்பு, நாடாளுமன்றத்துக்கு வெள்ளை, அந்த நிறங்களில் மாதிரி போடக் கூடாது என்று மறுத்து மஞ்சளில் போட்டார். ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 வரிசைதான். அக்கா பெயர் இரண்டாவது இயந்திரத்தில் வந்திருந்தது. ‘இரண்டாவது பெட்டி’ என்று எழுதினால் போதும் என்று நினைத்தேன். அவர் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, முதலாவதை மங்கலாக விட்டு, இரண்டாவதில் எங்கள் வரிசைக்கு நேராக அம்பு போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கே விளக்கிச் சொன்னார். பூத் சிலிப் மட்டும் வெறும் வெள்ளைத் தாள். பெயர், பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி, தேதி, அவ்வளவுதான். சின்னமோ வேட்பாளர் பெயரோ அதில் வரக் கூடாது.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார். நேரில் போனால்தான் வேலை நகரும். இரண்டாவது முறை அடித்த நோட்டீஸில் நீலம் முதல்முறையைவிட அடர்ந்துபோய், அக்கா புடவையே வேறு புடவை மாதிரி தெரிந்தது. கேட்டதற்கு மை மாறிவிட்டது என்றார், விலை குறைக்கவில்லை. ஒரு பண்டல் ஈரம் காயாமல் கட்டியதால் மேல் தாள்கள் ஒட்டிக்கொண்டன. அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார். டெலிவரி கிடையாது, டெம்போவும் சந்துக்குள் வராது. தேர்தல் உச்சத்தில் பெரிய ஆர்டர்கள் வரிசையில் நின்றாலும், வாக்குக் கொடுத்த தேதியில் எங்கள் சின்ன ஆர்டரைத் தள்ளிப்போடவில்லை. இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

கணக்கு எழுதுகிறவளாக எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பில். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், ஒருவருக்கே பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. அவர் காசோலைதான் கேட்டார். நோட்டீஸ், மாதிரிச் சீட்டு, ஸ்டிக்கர் என்று தனித்தனியாக எண்ணிக்கை, தாள் ரகம், கூலி, ஜிஎஸ்டி எழுதிக் கொடுத்தார். செலவுப் பதிவேட்டை பிரச்சாரத்தின்போது மூன்று முறை காட்ட வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பார்வையிட்டவர் அச்சுச் செலவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிவு வந்து முப்பது நாளுக்குள் மொத்தக் கணக்கையும் கொடுத்தோம். கொடுக்காமல் விட்டால் மூன்று வருடம் வரை தேர்தலில் நிற்கவே முடியாமல் போகலாம். தோற்றுவிட்டோம், இனி எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு டெபாசிட் கிடைக்கவில்லை. செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், அதற்குப் பக்கத்தில்கூட நாங்கள் இல்லை. ஆனால் மீன் மார்க்கெட்டில் அவரைத் தையல் மெஷின் அக்கா என்று இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். கழிப்பறைக்காக மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் வருகிறார்கள். மறுபடியும் நிற்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேட்பாளர் செலவுக்கான உச்சவரம்பு அப்போது 30.8 லட்சம், 2022-இல் 40 லட்சமாக்கிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் எட்டாத தொகை.

போகிறவர்களுக்கு: பாதிப் பணம் முன்பணம், பேரம் கிடையாது. சாட்சிக் கையெழுத்துப் போடும் இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பெயரின் தமிழ் எழுத்து மனுவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் கொடுங்கள். புரூஃப் பார்க்கச் சாயங்காலம் போவது நல்லது, பகலில் மெஷின் சத்தத்தில் பேசவே முடியாது. மெஷின்மேன் கிறிஸ்தவர், பெரிய வெள்ளியன்று வர மாட்டார். 2021-இல் அது ஏப்ரல் 2-ஆம் தேதி, பிரச்சாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. கடைசிக் கட்ட நோட்டீஸை அதற்கு முன்பே ஓட்டி வைத்துக்கொண்டோம்.