16 அவுன்ஸ் கிளவுஸ்: ஆறு மாதம் போட்டுப் பார்த்ததில்

குத்துச்சண்டைப் பயிற்சிக்கு ஒரே ஒரு ஜோடி கிளவுஸ்தான் வாங்க முடியும் என்றால் 16 அவுன்ஸ் வாங்குங்கள். ஆள் 60 கிலோவுக்குக் கீழே என்றால் 14 போதும். நான் 72 கிலோ, ஆறு மாதமாக வாரத்துக்கு நாலு நாள் 16தான் போடுகிறேன்.

முதலில் வாங்கியது 10. கடைக்காரர் "போட்டியில இதான் போடுவாங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அது உண்மைதான், தொழில்முறைப் போட்டிகளில் வெல்டர்வெயிட் வரை, அதாவது 66.7 கிலோ வரை 8 அவுன்ஸ், அதற்கு மேலே 10. ஆனால் போட்டியில் எதிரே நிற்பவரை ஒரு நாள்தான் அடிக்கிறோம், பயிற்சியில் அதே நண்பனின் முகத்தில் வாரா வாரம் அடிக்கிறோம் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த 10ஐப் போட்டுக்கொண்டு ஸ்பாரிங்கில், அதாவது இரண்டு பேர் மோதிப் பழகும் பயிற்சி ஆட்டத்தில் இறங்கி, என்னைவிடச் சின்னப் பையன் ஒருவனுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. மாஸ்டர் ஆட்டத்தை நிறுத்தி என் கையிலிருந்து கிளவுஸைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பையனைப் பார்த்தால் மனசு சங்கடப்படும்.

அவுன்ஸ் என்பது ஜோடிக்கான எடை இல்லை, ஒரு கிளவுஸின் எடை. 10 என்றால் சுமார் 280 கிராம், 16 என்றால் சுமார் 450. கூடுகிற 170 கிராமில் பெரும்பங்கு பஞ்சாக விரல் முட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். சில மலிவு கிளவுஸில் எடையை மணிக்கட்டுப் பட்டையில் சேர்த்துவிடுகிறார்கள், அதனால் கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அப்புறம், கிளவுஸுக்கு உள்ளே கையில் சுற்றும் துணிப்பட்டையான ஹேண்ட் ராப்பை, நாலரை மீட்டர் நீளத்தில், சுற்றிக்கொண்டு போட்டுப் பாருங்கள். வெறுங்கையில் சரியாக இருந்த என் 10, ராப் சுற்றியதும் முஷ்டி மடக்கவே விடவில்லை.

இப்போது வைத்திருப்பது ரெக்ஸின், வெல்க்ரோ. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்று 461, ஒன்று 455 கிராம், நியாயமான எடை. முதல் இரண்டு வாரம் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி, மூன்றாவது ரவுண்டில் கை தானாகத் தாடைக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்து அது நின்றது. கட்டைவிரல் பக்கவாட்டில் தைத்து ஒட்டியிருப்பதால் எதிராளியின் கண்ணில் குத்தாது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறை என்றால் வியர்வை. உள்துணி காய ஒரு முழு இரவு ஆகிறது. கழற்றியதும் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் ரெக்ஸின் வெடிக்கும், பைக்குள்ளேயே விட்டால் மறுநாள் நாற்றம் தாங்காது.

ஒரு தப்பு செய்தேன், இதே ஜோடியால் பஞ்சிங் பேக்கையும் அடித்துவிட்டேன். கனமான பேக்கை அடிக்க அடிக்கப் பஞ்சு அமுங்கிப் போகும், எடை மட்டும் அப்படியே 16 காட்டும். இப்போது வலது கிளவுஸை அழுத்தினால் முட்டி லேசாகத் தட்டுப்படுகிறது. அதனால் இந்த ஜோடி இனி பேக்குக்கு மட்டும். ஸ்பாரிங்குக்குப் புதிதாக இன்னொரு 16 எடுக்கப் போகிறேன், இந்த முறை தோலில்.