உதிரும் சுண்ணாம்புக்கல்லை இறுக்குவதற்கு ஏற்றது எது: பாக்டீரியாவா, சுண்ணாம்பா, சிலிக்கேட்டா?

பழைய கட்டடத்தின் சுண்ணாம்புக்கல் சுவரில் விரலை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தால், நைந்த கல் மாவைப் போல விரலில் ஒட்டிக்கொள்ளும். கல்லின் மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருந்த, சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது என்பதற்கு அந்த மாவே சாட்சி. போன பிணைப்பை எதைக் கொண்டு மீட்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

மிகப் பழைய வழி சுண்ணாம்புத் தெளிநீர். ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.7 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, மட்டுமே கரையும் என்பதால், இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்து முகப்புச் சிற்பங்களில் செய்ததைப் போல ஏறத்தாழ 40 முறை ஊற்ற வேண்டியிருக்கிறது. அவ்வளவு நீரைக் குடிக்கும் கல்லுக்குள் உறங்கிக் கிடந்த உப்புகளும் நகரத் தொடங்கிவிடுகின்றன. மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை ஆல்கஹாலில் மிதக்கவிடும் நானோ சுண்ணாம்பு இக்குறையைப் பெரிதும் தீர்க்கிறது. ஆனால் ஆல்கஹால் ஆவியாகும்போது துகள்களும் அதனுடன் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து வெள்ளைப் படலமாகப் படிவதுண்டு.

கல்லுக்குள் சிலிக்காக் கூழாக மாறி இறுகும் திரவமான எத்தில் சிலிக்கேட்டை 1861-லேயே வேதியியலாளர் ஹாஃப்மன் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடத்திற்குப் பரிந்துரைத்தார். அது ஆழமாக ஊடுருவி, மணற்கல்லின் குவார்ட்ஸ் மணிகளோடு உறுதியாகப் பிணைகிறது. கால்சைட்டோடு அத்தகைய வேதிப்பிணைப்பு அதற்கு வாய்ப்பதில்லை. உலர்ந்து சுருங்கும்போது அதன் கூழ் வெடிப்பதும் உண்டு. அக்ரிலிக் பிசின்கள் நுண்துளைகளை அடைத்து ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தக்கூடியவை. வெளிச்சுவர்களுக்கு அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

பாக்டீரியா வழியோ கல் இழந்த அதே பொருளைக் கல்லின் மீதே உண்டாக்குகிறது. நுண்ணுயிரி தன் உணவைச் சிதைக்கும்போது சுற்றியுள்ள நீரின் காரத்தன்மை உயர்கிறது, கார்பனேட் உருவாகிறது. கால்சியம் அயனிகளைத் தன்பால் ஈர்க்கும் செல்சுவரின் மீது கால்சைட் படிகம் முளைக்கிறது. பிரான்சின் தூவார் நகரில் உள்ள புனித மெதார் தேவாலயக் கோபுரத்தில் 1993-இல் 50 சதுர மீட்டர் பரப்பில் முதன்முதலாக இதைச் செய்து பார்த்தார்கள். அங்கு பாக்டீரியாவைத் தெளித்து, பின்னர் அதற்கான உணவுக் கரைசலையும் தெளித்தனர். உருவான அடுக்கு சில மைக்ரோமீட்டர் தடிமனே கொண்டது. கல்லின் மூச்சை அடைக்கவில்லை என்பது அதன் சிறப்பு, உள்ளே இறங்கவில்லை என்பது அதன் குறை.

ஸ்பெயினின் கிரனாடா ஆய்வாளர்கள் மிக்சோகாக்கஸ் சாந்தஸ் என்னும் மண் பாக்டீரியாவைக் கொண்டு, துளைகளை அடைக்காமலேயே அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கால்சைட்டைப் படியவைத்து, அந்தக் குறையை ஓரளவு நீக்கினர். கரிமப் பொருள் கலந்த அந்தப் புதிய கால்சைட், கல்லின் பழைய கால்சைட்டைவிடக் கரைவதற்குக் கடினமானது என்பதும் தெரியவந்தது. அடுத்து அவர்கள் எடுத்து வைத்த அடியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: வெளியிலிருந்து எந்த நுண்ணுயிரியையும் கொண்டுவராமல், பால் புரதத்திலிருந்து பெற்ற அமினோ அமிலங்களும் கால்சியம் அசிடேட்டும் சேர்ந்த கரைசலை மட்டும் தெளித்து, கல்லில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களையே வேலை செய்ய வைத்தனர். சுவருக்குப் பழகிப்போன உயிர்களைவிட அதற்குப் பொருத்தமான பணியாளர்கள் யார் இருக்க முடியும்?

இவ்வழியிலும் கவனம் தேவை. யூரியாவைச் சிதைக்கும் இனங்களைத் தேர்ந்தால் அம்மோனியா எஞ்சுகிறது; உணவு மிகுந்துபோனால் பூஞ்சைக்கும் அதுவே விருந்தாகிவிடும்; தெளிக்கும் நாட்களில் சுவர் காய்ந்துவிடவும் கூடாது, மழையில் நனைந்துவிடவும் கூடாது.

எனவே என் தேர்வு நைவின் ஆழத்தைப் பொறுத்தது. சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் மட்டும், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நைந்திருந்தால் பாக்டீரியா வழியே முதலிடம் பெறும்; சிற்பத்தின் நுண்ணிய வேலைப்பாடுகள் அதில் மழுங்குவதில்லை. சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே பொடிந்துபோன கல்லுக்கு அது எட்டாது. அங்கு நானோ சுண்ணாம்பைப் பல தவணைகளாகச் செலுத்துவதே முறை. சிலிக்காவால் பிணைந்த மணற்கல்லுக்கு எத்தில் சிலிக்கேட்டை விட்டுவிட்டுக் கால்சைட்டைத் தேடுவதில் பொருளில்லை.

எதைத் தேர்ந்தாலும், பார்வைக்குப் படாத ஒரு மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் முதலில் செய்து பார்க்க வேண்டும். எடை பார்த்த ஒட்டுநாடாத் துண்டைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அந்த இடத்தில் ஒட்டி உரித்து, மீண்டும் நிறுத்தால், எவ்வளவு மாவு இன்னும் உதிர்கிறது என்பது மில்லிகிராம் கணக்கில் தெரிந்துவிடும். அதே இடத்தில் ஒரு சொட்டு நீரை விட்டு, அதைக் கல் முன்போலவே உறிஞ்சுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.