காசைத் தட்டி பாக்கியை அமுக்கும் ஓனர்: டைல்ஸ் காண்டிராக்ட் எடுப்பவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டைல்ஸ், கிரானைட் வேலை எடுத்துச் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் ஆட்களுக்கும் அனுப்புங்கள். பெயிண்டர், கார்பெண்டருக்கும் பொருந்தும். ஓனர் பெயரையும் தெருவையும் போடவில்லை. செக் கேஸ் போகிறது, எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

காட்பாடியில் காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே எழுப்பிய மாடிக் கட்டிடம். என்னைக் கூப்பிட்டது இரண்டாவது மாடிக்கு. மெட்டீரியல் அவருடையது, லேபர் மட்டும் நம்முடையது. தரைக்குச் சதுரடி, சுவரின் அடியில் பட்டையாக ஓட்டும் ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடி, அதாவது நீள அடி என்று ரேட் பேசினோம். பேரமே பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தார். ஆரம்பத்தில் சனிக்கிழமை பட்டுவாடாவுக்குக் கேட்பதற்கு முன்பே பணம் வந்துவிடும். பசங்களுக்கு டீயும் போண்டாவும்கூட அவர் கணக்கில்தான். நம் தொழிலில் இப்படி ஒரு ஓனர் கிடைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

வந்து இறங்கியது இரண்டுக்கு நாலு அடி பாலிஷ் விட்ரிஃபைட் டைல்ஸ், குஜராத் மோர்பி சரக்கு. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. பழைய செராமிக் மாதிரி, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளாது. அவ்வளவு பெரிய டைல்ஸை அடெசிவ், அதாவது டைல்ஸ் ஒட்டும் பசை போட்டு ஒட்டுவதுதான் முறை. "சார், அடெசிவ் வாங்கிக் குடுங்க" என்றேன். "எங்க அப்பா காலத்துல இருந்து சிமெண்ட் பால்லதான் ஒட்றாங்க. நீ போடு மேஸ்திரி" என்றார். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதிக் கேட்டேன். 'ஓகே, சிமெண்ட்லயே போடுங்க' என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி இப்போது வக்கீலின் ஃபைலில் இருக்கிறது.

பாதியில் சரக்கு தீர்ந்து, கடையிலிருந்து இன்னொரு லோடு வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் நம்பரும் ஷேடு நம்பரும் அச்சடித்திருப்பார்கள் அல்லவா, இரண்டுமே முதல் லோடுக்கு ஒத்துவரவில்லை. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்து ஜன்னல் ஓரம் ஒட்டிப் போட்டு ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழையது சந்தன நிறம், புதியதில் லேசாகச் சாம்பல் ஓடியது. "கட்டில் பீரோ வந்தா எல்லாம் மறைஞ்சிடும், ஒட்டு" என்றவர் அவர்தான். லேபிள்களைப் போட்டோ எடுத்து அதையும் அவருக்கே அனுப்பி வைத்தேன்.

ஸ்கர்ட்டிங் முடிந்து, ஜாயிண்ட் அடைத்து, ஆசிட் போட்டுக் கழுவி, அளவெடுக்க வரச் சொன்னோம். ஓனரோடு இஞ்சினியர் என்று ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் காசை எடுத்துக் குந்தியபடியே அறை அறையாகத் தட்டிக்கொண்டு போனார், வயிறு உப்பின மாட்டைத் தட்டிப் பார்க்கும் டாக்டர் மாதிரி. ஒரு மூலையில் சத்தம் மாறியதும் நிமிர்ந்தார். "இன்னா மேஸ்திரி, உள்ள காலியா கீதே?" சாக்பீசால் ஒரு வட்டம். ஷேடு மாறிய இடத்துக்கு ஒரு வட்டம். கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் வட்டம். அடெசிவ் பேச்சை எடுத்தால் "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஓனர்கிட்ட பேசு" என்கிறார். ஓனர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்தது பெட்டிக் கணக்கு. இதை எல்லோரும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கு நாலு என்று நாம் சொல்கிறோமே தவிர டைல்ஸின் உண்மையான அளவு 600-க்கு 1200 மில்லிமீட்டர். பெட்டிக்கு 2 டைல்ஸ் என்றால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுரடி. அவர்கள் போட்ட கணக்கு 16 சதுரடி. பெட்டிக்கு அரை சதுரடிதானே என்று தோன்றும். 200 பெட்டிக்கு 100 சதுரடி உதைக்கும், அது ஆறு பெட்டிக்கும் மேல். கட்டிங் வேஸ்டேஜைச் சேர்க்கவே இல்லை. "மிச்சப் பெட்டி எங்க போச்சு?" என்று என் பசங்களைப் பார்த்துக் கேட்டார் அந்த இஞ்சினியர். மே மாத வேலூர் வெயிலில், தூசி பறக்கும் என்று ஃபேன்கூடப் போடாமல் கட்டிங் மெஷின் பிடித்த பசங்கள். அந்த இடத்தில் நான் கையை ஓங்காமல் இருந்தது பெரிய விஷயம்.

ஸ்கர்ட்டிங்கிலும் ஓனர் கை வைத்தார். ரன்னிங் அடிக்குப் பேசியதைப் பில்லில் சதுரடியாக்கினார். 4 இஞ்ச் ஸ்கர்ட்டிங் 100 அடி ஓட்டினால் சதுரடிக் கணக்கில் வெறும் 33. வெட்டுகிற வேலையும் மூலை சேர்க்கிற வேலையும் அதில்தான் அதிகம் என்பது நமக்குத் தெரியும்.

கடைசியில் பாக்கிக்கு ஒரு செக் கொடுத்தார். 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று பேங்க்கில் இருந்து திரும்பியது. பசங்களின் கூலி அதற்குக் காத்திருக்குமா? வீட்டு நகை அடகுக்குப் போனது.

அப்புறம்தான் மற்ற மேஸ்திரிகளிடம் விசாரித்தேன். கீழ்த்தளம் போட்டவர் குடியாத்தத்துக்காரர், முதல் மாடி ஆற்காட்டு டீம். இருவருக்கும் இதே காசு, இதே சாக்பீஸ், இதே பெட்டிக் கணக்கு. மாடிக்கு ஒரு ஆளைப் பிடித்து, ஒவ்வொருவர் பில்லிலும் ஒரு பகுதியை அமுக்கியே கட்டிடத்தை முடிக்கிறார். அந்தக் கட்டிடத்தின் தரையே இதைச் சொல்லும். கீழ்த்தளத்தில் ஸ்கர்ட்டிங் மூலையை 45 டிகிரிக்குச் சீவிச் சேர்த்திருக்கிறது. முதல் மாடியில் சீவாமல் ஒன்றின் மேல் ஒன்றை முட்டவைத்து, தெரிகிற ஓரத்தை ஜாயிண்ட் பவுடரால் பூசியிருக்கிறது. டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் ஸ்பேசர் ஒரு தளத்தில் 2 எம்எம், இன்னொன்றில் 3. நல்லபடியாகக் காசு கொடுக்கிற ஓனர் ஒரே கட்டிடத்தில் மாடிக்கு மாடி டீமை மாற்ற மாட்டார்.

செக் விஷயம் மட்டும் ஆறப்போடாதீர்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்க்கில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது அவர் கைக்குப் போன பிறகு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம், செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில். 'கையெழுத்து மாறியிருக்கிறது, இது செல்லாது' என்று என்னிடம் சவடால் விட்டார். கையெழுத்து பொருந்தாமல் திரும்பினாலும் இந்தப் பிரிவு வரும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேஸ் இப்போது சத்துவாச்சாரி கோர்ட்டில்.

மூன்றாவது மாடிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். யாரையாவது காட்பாடியில் ஒரு மாடிக்கு மட்டும் கூப்பிட்டு, பேரம் பேசாமல் அட்வான்ஸ் நீட்டினால், வாங்குவதற்கு முன் கீழ்த்தளத்திலிருந்து ஸ்கர்ட்டிங் மூலைகளைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறுங்கள். மாறி மாறி இருந்தால் முன்பு போட்டவர் யார் என்று கேளுங்கள், நம்பர் கேளுங்கள். "அவன் சரியில்ல மேஸ்திரி, துரத்திட்டேன்" என்பார். என்னைப் பற்றியும் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.